ஹர்ஷா போக்ளேவின் மைக்கும் நம்ம சம்பளமும்: ஒரே வருமானத்தை நம்பி இருக்கறவங்களுக்கு ஆறு பாடங்கள்



நம்ம சேனலோட கமெண்ட்ல அடிக்கடி வர்ற கேள்வி இதுதான்: "இப்ப பார்க்கற வேலை பிடிக்கல. எனக்கு ஒரு திறமை இருக்கு. வேலையை விட்டுட்டு அதையே முழுநேரமா செய்யலாமா?" கேட்கறவங்க பெரும்பாலும் 23 முதல் 30 வயசுக்குள்ள இருக்கறவங்க. சிலர் நாரணமங்கலம் டயர் ஆலையில ஷிப்ட் பார்க்கறவங்க. சிலர் அரியலூர் பக்கம் சிமென்ட் ஆலையில இருக்காங்க. இன்னும் சிலருக்குப் பெரம்பலூர்ல பேங்க், ஸ்கூல், ஆஸ்பத்திரி வேலை. அவங்க சொல்ற திறமை போட்டோகிராஃபி, எடிட்டிங், சமையல், டியூஷன்னு ஆளுக்கு ஆள் மாறும். சமீபமா அதிகம் வர்றது ஒண்ணு: "ஊர்ல கபடி, கிரிக்கெட் டோர்னமென்ட்டுக்கு நான்தான் மைக் பிடிப்பேன். யூடியூப் லைவ்ல வர்ணனை சொல்றேன். இதையே தொழிலா எடுத்துக்கலாமா?"

ஆம், இல்லைன்னு ஒரே வரியில பதில் சொல்ல முடியாது. ஆனா மைக்கையே தொழிலாக்கி நாற்பது வருஷத்துக்கு மேல நிலைச்சு நிற்கற ஒருத்தர் நம்ம நாட்டுல இருக்கார். அவர் பேர் ஹர்ஷா போக்ளே. அவரோட கிரிக்கெட் அறிவைப் பத்தி நிறையப் பேர் பேசியாச்சு. இன்னைக்கு நாம பார்க்கப் போறது அவரோட வேலை வாழ்க்கையை, பணக் கண்ணோட்டத்துல.

முதல்ல, யார் இவர்?

1961 ஜூலை 19 அன்னைக்கு ஹைதராபாத்துல பிறந்தவர். மராத்தி குடும்பம். அப்பா பிரெஞ்சு மொழிப் பேராசிரியர், அம்மா உளவியல் பேராசிரியர். உஸ்மானியா பல்கலைக்கழகத்துல கெமிக்கல் இன்ஜினியரிங் படிச்சார். பிறகு அகமதாபாத் ஐ.ஐ.எம்.ல மேலாண்மை. படிச்சு முடிச்சதும் ஒரு விளம்பர நிறுவனத்துல ரெண்டு வருஷம் வேலை, அடுத்து ஒரு ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் நிறுவனத்துல ரெண்டு வருஷம்.

பல்கலைக்கழக அளவுல கிரிக்கெட் ஆடியிருக்கார். ஆனா ரஞ்சி டிராபியோ, இந்தியாவுக்கோ ஆடினதில்ல. கவாஸ்கர், ரவி சாஸ்திரி, நம்ம ஊர் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன்னு டெஸ்ட் ஆடினவங்க உட்கார்ந்திருக்கற வர்ணனை அறையில, ஆடாத ஒருத்தர் இடம் பிடிச்சு அதைக் காப்பாத்திக்கறது லேசான விஷயமில்ல. 1991-92ல இந்திய அணி ஆஸ்திரேலியா போனப்ப, அந்த நாட்டு ஏ.பி.சி. வானொலி இவரை வர்ணனைக்கு அழைச்சது. அந்த அழைப்பு கிடைச்ச முதல் இந்திய வர்ணனையாளர் இவர்தான். 1990கள்ல கேபிள் டிவி வந்ததும், ஈ.எஸ்.பி.என்., ஸ்டார் ஸ்போர்ட்ஸ் மூலமா இவர் குரல் நம்ம வீட்டு ஹாலுக்கே வந்துடுச்சு.

இப்ப பாடங்களுக்குப் போவோம்.

பாடம் 1: மைக் கிடைச்ச அன்னைக்கே மத்ததை விடல

ஹைதராபாத் ஆல் இந்தியா ரேடியோவுல இவர் வர்ணனை செய்ய ஆரம்பிச்சது 19 வயசுல. ஆஸ்திரேலியா அழைப்பு வந்தது 30 வயசுல. நடுவுல சுமார் பத்து வருஷம். அந்தப் பத்து வருஷத்துல இன்ஜினியரிங்கை முடிச்சார், ஐ.ஐ.எம். முடிச்சார், ரெண்டு இடத்துல மாசச் சம்பளம் வாங்கினார். வர்ணனை ஒரு பக்கம் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

நாம பொதுவா என்ன பண்றோம்? ஒரு வீடியோ நல்லாப் போச்சுன்னா, ஒரு டோர்னமென்ட்ல நாலு பேர் பாராட்டினா, உடனே "ரிசைன் பண்ணிடலாமா?"ன்னு யோசிக்கறோம். ஒரு மாச வருமானத்தை வெச்சு முப்பது வருஷத்தைத் தீர்மானிக்கக் கூடாது.

நான் சொல்ற அளவுகோல் சிம்பிள். வேலையை விடறதுக்கு முன்னாடி இந்த மூணும் இருக்கணும்:

1. பக்க வருமானம் தொடர்ந்து 12 மாசம் வந்திருக்கணும். கோயில் திருவிழா, பொங்கல் சீசன்ல மட்டும் வர்ற பணத்தை வருஷம் முழுக்க வரும்னு கணக்குப் போடாதீங்க.
2. அந்த 12 மாசத்துல ரொம்பக் குறைவா வந்த மாசத்தை எடுங்க. அந்தத் தொகை உங்க அவசியச் செலவுல பாதியையாவது தாங்கணும்.
3. பணம் கொடுக்கறவங்க குறைஞ்சது மூணு பேர் இருக்கணும். ஒரே ஆள்கிட்ட இருந்து மட்டும் வந்தா, அது தொழில் இல்ல. பி.எஃப். இல்லாத இன்னொரு வேலை, அவ்வளவுதான்.

இன்னொரு முக்கியமான விஷயம். பக்க வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உங்க ஆஃபர் லெட்டரை ஒரு தடவை முழுசாப் படிங்க. வேற வருமானம் பார்க்க எழுத்து மூலமா அனுமதி வேணும்னு பல நிறுவனங்கள் போட்டிருக்கும். அரசு வேலையில இருந்தா விதிகள் இன்னும் கடுமை. சனி, ஞாயிறு மைக் பிடிச்சு 1,500 ரூபாய் வாங்கப் போய், மாசம் 28,000 ரூபாய் வேலைக்கு வினை வரக் கூடாது.

பாடம் 2: சம்பளத்துல கண்ணுக்குத் தெரியாத பகுதியையும் எண்ணிப் பாருங்க

விளையாட்டு வர்ணனையாளர்களுக்குப் பெரும்பாலும் ஒப்பந்தம்தான். ஒரு தொடர், ஒரு சீசன், இல்லைன்னா இத்தனை நாள்னு பேசிப்பாங்க. ஒப்பந்தத் தொகை நம்ம சம்பளத்தைவிடப் பெருசாத் தெரியும். ஆனா அது உண்மையிலேயே பெருசான்னு பார்க்க ஒரு கணக்கு இருக்கு.

பெரம்பலூர்ல வேலை பார்க்கற ஒருத்தரை உதாரணத்துக்கு எடுத்துக்கலாம். கைக்கு வர்ற சம்பளம் 28,000. பேசிக் 16,000. ஒரு தோராயமான கணக்கு இது:

- கைக்கு வர்றது: 28,000
- அவர் பங்கு பி.எஃப். (பேசிக்ல 12%): 1,920
- கம்பெனி பங்கு (இதுவும் 12%, இதுல ஒரு பகுதி பென்ஷனுக்குப் போகும்): 1,920
- குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு நாமளே எடுத்தா வருஷம் 15,000னு வெச்சா, மாசத்துக்கு: 1,250
- வருஷம் 24 நாள் சம்பளத்தோட லீவு, மாசக் கணக்குல: சுமார் 2,150
- வருஷத்துக்கு ஒரு மாச பேசிக் போனஸ், மாசக் கணக்குல: சுமார் 1,330

கூட்டிப் பார்த்தா 36,570 ரூபாய். அதாவது 28,000 கைக்கு வாங்கறவர், 36,500 ரூபாய் ஒப்பந்தத்துக்கு மாறினா ஒரு ரூபாய்கூட அதிகம் சம்பாதிக்கல. இதுல இன்னொண்ணும் சேருது. ஒப்பந்த வேலையில வருஷத்துக்கு ரெண்டு மாசம் வேலை இல்லாமப் போகலாம். அப்படின்னா மிச்சம் 10 மாசத்துல அதே தொகையை எடுக்கணும். 36,570 × 12 ÷ 10. கிட்டத்தட்ட 44,000.

"28,000 எங்கே, 35,000 எங்கே!"ன்னு ஒரு ஒப்பந்த வாய்ப்பைப் பார்த்து துள்ளறவங்க, இந்தக் கணக்கைப் போட்டதும் கொஞ்சம் நிதானமாயிடுவாங்க. மாறவே கூடாதுன்னு நான் சொல்லல. என்ன விலைக்கு மாறறோம்னு தெரிஞ்சு மாறுங்க.

மாசச் சம்பளம் 21,000 வரைக்கும் இருக்கறவங்க இன்னொண்ணைக் கவனிக்கணும். உங்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கும். உங்க சம்பளத்துல 0.75% பிடிக்கறாங்க, நிறுவனம் 3.25% கட்டுது. பிள்ளைப்பேறு, ஆபரேஷன்னு வந்தா அதோட அருமை தெரியும். வேலையை விட்டா அந்தப் பாதுகாப்பும் விலகிடும். அதனால சொந்தமா மருத்துவக் காப்பீடு எடுத்துட்டு அப்புறம் ராஜினாமா கடிதம் எழுதுங்க. வரிசை மாறக் கூடாது.

பாடம் 3: 2016 ஏப்ரல். ஒரே இடத்துல இருந்து வருமானம் வந்தா என்ன ஆகும்

2016 மார்ச்ல டி20 உலகக் கோப்பை நம்ம நாட்டுல நடந்துச்சு. ஹர்ஷா போக்ளே அதுல வர்ணனை செஞ்சார். அடுத்து ஏப்ரல்ல ஐ.பி.எல். அதோட முகம்னு சொல்ற அளவுக்கு இருந்தவர். ஆனா 2016 ஐ.பி.எல். தொடங்கறப்ப வர்ணனையாளர் பட்டியல்ல அவர் பேர் இல்ல. அவரோட ஒப்பந்தம் முடிச்சு வைக்கப்பட்டிருந்துச்சு. காரணம் என்னன்னு தன்கிட்ட யாரும் சொல்லலன்னு அவரே தன்னோட ஃபேஸ்புக் பக்கத்துல எழுதினார்.

இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. 25 வருஷமா சர்வதேச அளவுல இருந்தவர். கோடிக்கணக்கான பேருக்குக் குரல் தெரியும். அவருக்கே சில வாரத்துல நிலைமை மாறுது, காரணமும் சொல்லப்படல. அப்படின்னா நம்ம நிலைமை?

அவர் என்ன ஆனார்? வீட்டுல முடங்கல. கிரிக்பஸ் மாதிரி இணையத் தளங்கள்ல கிரிக்கெட் அலசல் வீடியோக்கள் செஞ்சார். ஏற்கெனவே மனைவி அனிதாவோட சேர்ந்து ப்ரோசர்ச்னு ஒரு ஆலோசனை நிறுவனம் நடத்திக்கிட்டிருந்தார். விளையாட்டுல இருந்து நிறுவனங்கள் என்ன கத்துக்கலாம்னு கார்ப்பரேட் கூட்டங்கள்ல பேசறது அதோட வேலை. அந்த விஷயங்களை வெச்சு ரெண்டு பேரும் சேர்ந்து எழுதின "தி வின்னிங் வே" புத்தகம் 2011லயே வந்திருந்துச்சு. பத்திரிகைப் பத்திகளும் எழுதிக்கிட்டிருந்தார். சில வருஷத்துல ஐ.பி.எல். வர்ணனைக்கும் திரும்பிட்டார்.

ஒரு கதவு சாத்தினப்ப அவருக்கு வேற மூணு நாலு கதவு திறந்தே இருந்துச்சு. அவை 2016க்கு அப்புறம் அவசரத்துல கட்டினவை இல்ல, பல வருஷம் முன்னாடியே கட்டினவை. இதைத்தான் கவனிக்கணும்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். ரெட்டிபாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர்னு அரியலூர் மாவட்டத்துல சிமென்ட் ஆலைகள் இருக்கற பக்கம் ஒரு குடும்பத்தைக் கற்பனை பண்ணிக்குங்க. மகன் ஆலையில டெக்னீஷியன். அப்பா கடன்ல லாரி வாங்கி சுண்ணாம்புக்கல் லோடு அடிக்கறார். அம்மா கேட்டுக்கு எதிர்ல டீக்கடை. மாடி போர்ஷனை ஆலை ஊழியருக்கு வாடகைக்கு விட்டிருக்காங்க. வெளியில இருந்து பார்த்தா நாலு வருமானம். ஆனா நாலுக்கும் ஊற்று ஒண்ணு. ஆலையில உற்பத்தி குறைஞ்சா சம்பளத்துல ஓ.டி. குறையும், லோடு குறையும், டீ குறையும், வாடகைக்காரரும் காலி பண்ணலாம். இது நாலு வருமானம் இல்ல. ஒரே வருமானம் நாலு சட்டை போட்டிருக்கு.

பெரம்பலூர் பக்கம் பல வீட்டுல சம்பளத்தோட மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம்னு விவசாய வருமானமும் இருக்கு. ஆலையும் மழையும் ஒரே நேரத்துல கைவிடறது அபூர்வம்ங்கறதால இது ஓரளவு நல்ல பரவல். ஆனா வெங்காய விலை எப்படி ஏறி இறங்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அதை நம்பி இ.எம்.ஐ. எடுக்காதீங்க. வந்தா சேமிப்புக்குன்னு வெச்சுக்குங்க.

அவசர நிதி: உங்களுக்கு எவ்வளவு?

அதே 28,000 ரூபாய் நண்பரோட அவசியச் செலவைப் போடுவோம்.

- வாடகை: 6,000
- மளிகை, காய்கறி, கேஸ்: 5,500
- கரண்ட், போன்: 1,500
- பெட்ரோல்: 2,000
- பைக் இ.எம்.ஐ.: 3,000
- வீட்டுக்கு அனுப்பறது: 4,000

மொத்தம் 22,000. ஆறு மாசத்துக்கு 1,32,000 ரூபாய். இதுதான் அவரோட அவசர நிதி இலக்கு. மாசம் மிச்சம் 6,000. அதை மட்டும் வெச்சுச் சேர்த்தா 22 மாசம் ஆகும். பக்க வருமானம் மாசம் 4,000 வந்து, அதைச் செலவு பண்ணாமச் சேர்த்து, வருஷப் போனஸ் 16,000ஐயும் தொடாம வெச்சா, 12 மாசத்துல முடிஞ்சிடும். பக்க வருமானத்தோட முதல் வேலை இதுதான். புது போன் வாங்கறது அப்புறம்.

எங்க வைக்கறது? ஒரு மாசச் செலவு சேவிங்ஸ் அக்கவுண்ட்ல இருக்கட்டும். மிச்சத்தை உடைக்கக்கூடிய எஃப்.டி.யிலயோ, லிக்விட் ஃபண்டிலயோ போடலாம். பேங்க் டெபாசிட்டுக்கு ஒரு பேங்க்ல ஒருத்தருக்கு 5 லட்சம் ரூபாய் வரைக்கும் காப்பீடு இருக்கு. போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. நல்ல திட்டம்தான், ஆனா அது 5 வருஷம். 3 வருஷம் முடியறதுக்கு முன்னாடி மூட முடியாது. அதனால அவசர நிதிக்கு அது சரிப்படாது. பதிவு இல்லாத சீட்டுல அவசர நிதியைப் போடவே போடாதீங்க. உங்களுக்கு அவசரம் வர்ற அதே நேரத்துல ஊருக்கே அவசரம் வந்தா, சீட்டு நடத்தறவராலயும் கொடுக்க முடியாது.

"வீட்டுல நகை இருக்கு, அடகு வெச்சுக்கலாம்"னு சிலர் சொல்வாங்க. நகைக்கடன் கடைசி வழியா இருக்கட்டும். வருமானம் நின்னு போன மாசத்துலயே வட்டியும் ஆரம்பிக்கறது ரெட்டைச் சுமை.

பாடம் 4: அடுத்த மைக்கை முன்னாடியே பிடிச்சு வையுங்க

இதுக்கு நம்ம தினேஷ் கார்த்திக்கைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2021 ஜூன்ல சவுத்தாம்ப்டன்ல இந்தியா, நியூசிலாந்து மோதின உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். அதுல அவர் வர்ணனையாளர். அப்ப அவர் ஓய்வு பெறல. ஐ.பி.எல்.ல ஆடிக்கிட்டுத்தான் இருந்தார். அடுத்த வருஷம் 2022 டி20 உலகக் கோப்பைக்கு இந்திய அணியிலயே ஆடினார். ஆட்டம் கையில இருக்கறப்பவே அடுத்த வேலைக்கு அஸ்திவாரம் போட்டாச்சு. ஓய்வுக்கு அப்புறம் "இனி என்ன?"ன்னு தேட வேண்டிய நிலை வரல.

ஹர்ஷா போக்ளேவோட மத்த வருமானங்களையும் பாருங்க. வர்ணனை, பத்தி, புத்தகம், கார்ப்பரேட் பேச்சு, இணைய வீடியோ. பார்க்க வேற வேற. ஆனா அடிப்படைத் திறமை ஒண்ணுதான்: சிக்கலான விஷயத்தைக் கேட்கறவங்களுக்குப் புரியற மாதிரி சொல்றது. புதுசா பத்துத் தொழில் கத்துக்கத் தேவையில்ல. இருக்கற ஒரு திறமையை மூணு இடத்துல விற்கக் கத்துக்கிட்டா போதும்.

உங்களுக்கு இது எப்படிப் பொருந்தும்? ஆலையில மெயின்டனன்ஸ் பார்க்கறவர் ஐ.டி.ஐ. பசங்களுக்கு வார இறுதியில பயிற்சி கொடுக்கலாம். அக்கவுண்ட்ஸ்ல இருக்கறவர் சின்னக் கடைகளுக்கு கணக்கு எழுதிக் கொடுக்கலாம். மைக் பிடிக்கறவர் டோர்னமென்ட்டோட சேர்த்து கல்யாண நிகழ்ச்சி, பள்ளி விளையாட்டு விழா, விளம்பரக் குரல் பதிவுன்னு போகலாம்.

தமிழ்ல மைக்குக்கு இன்னைக்கு முன்னைவிட இடம் அதிகம். ஒரு காலத்துல ஆல் இந்தியா ரேடியோவுல அப்துல் ஜப்பார் மாதிரி விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் தமிழ்ல கிரிக்கெட் வர்ணனை சொன்னாங்க. 2016ல டி.என்.பி.எல். ஆரம்பிச்சது. 2017ல ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் சேனல் வந்துச்சு. அதே வருஷம் புரோ கபடியில தமிழ் தலைவாஸ் சேர்ந்தது. வாய்ப்பு கூடியிருக்கு. ஆனா டிவியில உட்கார்றவங்கள்ல பெரும்பாலானவங்க முன்னாள் வீரர்கள்ங்கறதையும் மறக்காதீங்க.

சம்பளத்துல மாசம் 3% முதல் 5% வரைக்கும் உங்க திறமைக்குன்னு ஒதுக்குங்க. 28,000ல சுமார் 1,000 ரூபாய். நல்ல மைக், ஒரு கோர்ஸ், ஆங்கிலப் பயிற்சி, எதுவானாலும் சரி. 25 வயசுல உங்க பெரிய சொத்து நீங்க இன்னும் சம்பாதிக்கப் போற 35 வருஷம்தான்.

பாடம் 5: பக்க வருமானத்துக்கும் வரி உண்டு, ரீஃபண்டும் உண்டு

நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு விஷயம். 2025-26 நிதியாண்டு வரைக்கும் வருமான வரிச் சட்டத்துல தொழில்முறைக் கட்டணத்துக்கு டி.டி.எஸ். பிடிக்கற பிரிவு 194-ஜே. விளையாட்டு வீரர், நடுவர், பயிற்சியாளரோட, வர்ணனையாளரும் இதுக்குள்ள வருவார்னு 2008 ஆகஸ்ட்ல நேரடி வரிகள் வாரியம் தனி அறிவிப்பே வெளியிட்டிருக்கு. நிகழ்ச்சித் தொகுப்பாளர், விளையாட்டுப் பத்தி எழுத்தாளரும் அந்தப் பட்டியல்ல உண்டு. (2026 ஏப்ரல்ல இருந்து புதிய வருமான வரிச் சட்டத்துல பிரிவு எண்கள் வேற.)

2025-26 நிதியாண்டுக் கணக்குப்படி, ஒரு நிறுவனம் ஒருத்தருக்கு வருஷத்துல 50,000 ரூபாய்க்கு மேல தொழில்முறைக் கட்டணம் கொடுத்தா 10% பிடிச்சுக்கிட்டுத்தான் கொடுக்கும். ஒரு டிஜிட்டல் சேனல் உங்களுக்கு 80,000 ரூபாய் கொடுத்தா, 8,000 போக 72,000 வரும்.

அந்த 8,000 போயிடுச்சுன்னு விட்டுடறாங்க பல பேர். உங்க சம்பளமும் பக்க வருமானமும் சேர்ந்து 5 லட்சம்தான்னா, புதிய வரி முறையில உங்களுக்கு வரியே இல்ல. ரிட்டர்ன் தாக்கல் பண்ணினா பிடிச்ச 8,000 முழுசும் திரும்ப வரும். ஃபார்ம் 26 ஏ.எஸ்.ல அந்தத் தொகை உங்க பான் எண்ணுக்கு எதிரா ஏறியிருக்கான்னு மட்டும் பார்த்துக்குங்க. தொழில் வருமானம் இருந்தா சம்பளக்காரங்க வழக்கமாப் போடற ஐ.டி.ஆர்.-1 செல்லாது. முதல் வருஷம் ஒரு ஆடிட்டர்கிட்ட போயிடுங்க.

வருமானம் பெருகினதும் இன்னொரு பொறுப்பு வரும். டி.டி.எஸ். கழிச்சும் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயோ அதுக்கு மேலயோ இருந்தா, அட்வான்ஸ் டாக்ஸ் கட்டணும். ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15னு நாலு தவணை. சம்பளத்துல ஆபீஸே பிடிச்சுக்கும். ஒப்பந்தக்காரருக்கு அதை ஞாபகப்படுத்த ஆள் கிடையாது. அதனால பக்க வருமானம் வந்த அன்னைக்கே ஒரு பங்கைத் தனி அக்கவுண்ட்ல எடுத்து வெச்சுடுங்க.

பாடம் 6: வீட்டுல இருக்கறவங்களும் கணக்குல பங்கு

ஹர்ஷாவும் அனிதாவும் ஐ.ஐ.எம்.ல ஒண்ணாப் படிச்சவங்க. ப்ரோசர்ச் ரெண்டு பேரோட உழைப்பு. ஒருத்தர் வருமானம் ஏறி இறங்கற தொழில்ல இருந்தா, இன்னொருத்தர் வருமானம் தூண் மாதிரி. கல்யாணம் ஆனதும் மனைவியை வேலையை விடச் சொல்ற வீடுகள் நம்ம பக்கம் இன்னும் இருக்கு. குடும்ப மரியாதைன்னு நினைச்சு எடுக்கற அந்த முடிவு, பணக் கணக்குல பார்த்தா வீட்டோட ஒரே மாற்று வருமானத்தை நம்ம கையாலயே மூடறது.

வேலை மாறற எண்ணம் இருந்தா அப்பா அம்மாகிட்ட, மனைவிகிட்ட அல்லது கணவர்கிட்ட எண்ணோட பேசுங்க. "எனக்கு இது பிடிச்சிருக்கு"ன்னு மட்டும் சொன்னா அவங்களுக்குப் பயம்தான் வரும். "ஆறு மாசச் செலவு 1,32,000 தனியா இருக்கு. இன்ஷூரன்ஸ் எடுத்தாச்சு. ஒரு வருஷம் பார்ப்பேன், இந்தத் தேதிக்குள்ள இந்த அளவு வரலைன்னா திரும்ப வேலைக்குப் போயிடுவேன்"னு சொல்லிப் பாருங்க. பேச்சே வேற மாதிரி போகும்.

ஒரு எச்சரிக்கை

பெரிய ஆளுங்க கதையை அப்படியே காப்பி அடிக்கக் கூடாது. ஹர்ஷா போக்ளேவுக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் பேராசிரியர்கள். கையில ஐ.ஐ.எம். பட்டம். வர்ணனை கைகொடுக்கலைன்னா நாளைக்கே ஒரு நல்ல வேலை கிடைச்சிருக்கும். விழுந்தா தாங்கறதுக்கு கீழ வலை இருந்துச்சு.

உங்க சம்பளத்துல அப்பாவோட பயிர்க்கடன், தங்கை படிப்பு, வீட்டு மேல வாங்கின கடன் எல்லாம் ஓடுதுன்னா உங்க வலை சின்னது. அப்ப ஆறு மாசத்துக்குப் பதிலா ஒன்பது மாசம், பன்னிரண்டு மாசம்னு அவசர நிதியைப் பெருசாக்குங்க. அல்லது வேலையை விடாமலே ஆசையைத் தொடருங்க. அதுல எந்தக் கேவலமும் இல்ல. நம்ம சென்னை சுமந்த் ராமன் ஒரு டாக்டர். தூர்தர்ஷன்ல விளையாட்டு வினாடி வினா நடத்தி தமிழ்நாடு முழுக்கத் தெரிஞ்ச முகமானவர். பிடிச்சதை விடாமச் செய்ய, மத்ததை விட்டுடணும்னு கட்டாயம் கிடையாது.

இந்த மாசம் செய்ய வேண்டியது

1. அவசியச் செலவை எழுதுங்க. ஆறால பெருக்குங்க. அந்த எண்ணை போன்ல சேமிச்சு வையுங்க.
2. உங்க வீட்டு வருமானங்களை வரிசையா எழுதி, ஒவ்வொண்ணும் கடைசியில எங்கிருந்து வருதுன்னு பக்கத்துல எழுதுங்க. எல்லாம் ஒரே பேர்ல போய் முடிஞ்சா உஷாராகுங்க.
3. பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, போன மாசம் வரைக்கும் பணம் ஏறியிருக்கான்னு பாருங்க. நாமினி போட்டாச்சான்னும் பாருங்க.
4. உங்க திறமையை விற்கக்கூடிய மூணு இடத்தை எழுதுங்க. இந்த மாசம் அதுல ஒரு இடத்துல கேட்டுப் பாருங்க.
5. அவசர நிதி நிரம்பினதும் அதே பழக்கத்தை நிறுத்தாம எஸ்.ஐ.பி.க்கு மாத்துங்க. மாசம் 5,000 வீதம் 10 வருஷம் போட்டா உங்க பணம் 6 லட்சம். வருஷத்துக்கு சராசரி 10% கிடைச்சதா வெச்சுக்கிட்டா சுமார் 10.3 லட்சம் ஆகும். இது உத்தரவாதம் இல்ல; சந்தை ஏறும், இறங்கும்.

ஒப்பந்தம் எப்ப முடியும்ங்கறது ஹர்ஷா போக்ளே கையிலயே இல்லாதப்ப, நம்ம கையில இருக்காது. ஆனா அது முடியற அன்னைக்கு நம்ம அக்கவுண்ட்ல எத்தனை மாசச் செலவு இருக்கும்ங்கறது நம்ம கையிலதான் இருக்கு.

உங்க எண் எத்தனை மாசம்? கமெண்ட்ல "2 மாசம்", "5 மாசம்"னு மட்டும் போடுங்க, தொகை வேண்டாம். பூஜ்யம்னாலும் தயங்காமப் போடுங்க. எல்லாரும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கறாங்க. அவசர நிதியை எஃப்.டி.யா, லிக்விட் ஃபண்டா பிரிக்கறது எப்படின்னு அடுத்த வீடியோவுல படிப்படியாப் பார்ப்போம். இதை வேலையை விடலாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கற உங்க ஃபிரெண்டுக்கு அனுப்பி வையுங்க.